இரண்டுக்கு நேரே ஒரு கோடு

தேக்கு சட்டையைக் கழற்றும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழற்றுவார். கிளினிக்கின் மாடிக் கூடத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஒன்றுகூடும் நாள் அது. டாக்டரம்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கீழே நோயாளிகளைப் பார்க்கப் போய்விடுவார். அதன் பிறகு மைக் தேக்கின் கைக்குப் போகும். ஐம்பதைத் தாண்டிய ஆள். உடம்பு மட்டும் இழைத்து வைத்த மரம்போல இருக்கும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். பொத்தான்களை ஒவ்வொன்றாக ரசித்து அவிழ்ப்பார். பளபளக்கும் மார்பில் பளாரென்று ஓர் அறை விடுவார்.

"இருபது வருஷமாச்சு! ஒரு மாத்திரை உண்டா? தொட்டதில்ல. இதைப் பாரு. இது நோயாளி உடம்பா?"

"இல்ல!" என்று கூடம் கத்தும்.

"மருந்து எங்க இருக்கு?" நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டுவார். "இங்க இருக்கு. மனசு விட்டவன்தான் விழுவான்."

கடைசியில் ஒரு பாட்டிலை எடுப்பார். ஏதேதோ இலைகளை அரைத்த பச்சைச் சாறு. தொண்டைக்குமிழ் ஏறி இறங்க மடக் மடக்கென்று குடித்துவிட்டு, மீசையில் ஒட்டிய நுரையை நாக்கால் துழாவி எடுப்பார். அந்த நாக்கைப் பார்க்கக் கூடாது என்று அவள் ஒவ்வொரு வாரமும் நினைப்பாள். பார்த்துத் தொலைப்பாள்.

அவள் அங்கே ரத்தம் எடுப்பவள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் கீழே இறங்கும்போது பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். "ஊசியக்கா, வலிக்காம குத்துங்க," என்பார்கள். வலிக்காமல்தான் குத்துவாள். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று அவள் கதவோரம் நின்றிருந்தாள். முதல் வரிசையில் அவள் தம்பி கை தட்டிக்கொண்டிருந்தான். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் போலிருந்தது. போன வருஷம் தைத்த சட்டை. அப்போது இறுக்கமாக இருக்கிறது என்று தையல்காரரோடு சண்டை போட்டான்.

தேக்கு ஏதோ ஜோக் அடித்தார். தம்பி அண்ணாந்து, வாய்விட்டுச் சிரித்தான்.

அந்தத் திறந்த வாய்க்குள் அவள் பார்த்துவிட்டாள். நாக்கின் மேலும் அண்ணத்திலும் திட்டுத்திட்டாக வெள்ளை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"வாயைத் திற."

"எதுக்கு?"

"திறடா."

"நான் என்ன மாடா, பல் புடிச்சுப் பார்க்க?" என்றான். ஆனாலும் திறந்தான். புளித்துப்போன வாடை முகத்தில் அடித்தது. பாலாடை ஒட்டியது போலிருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கீழே இறங்கினால்தான் அந்தப் பூஞ்சை இப்படித் துணிந்து குடியேறும்.

"மாத்திரையை எப்ப நிறுத்தினே?"

"யார் நிறுத்தினா?"

"கழுத்தை நெரிச்சிடுவேன். எப்ப?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "கொஞ்ச மாசம் ஆச்சு."

"மாசாமாசம் வாங்கிட்டு வர்றியே, அதெல்லாம்?"

"கக்கூஸ்ல போட்டுத் தண்ணி ஊத்திடுவேன்."

எத்தனை தடவை அவளே மாத்திரை பாட்டிலை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்திருப்பாள்.

"ஏண்டா?"

"நீ லிஃப்ட் மேல நின்னு பார்த்திருக்கியாக்கா? உள்ள இல்ல, கூண்டு மேல. ரிப்பேர் பார்க்க நான் நிக்கிறேன் தினமும். கீழ பார்த்தா ஒரே இருட்டுக் குழி. அந்த மாத்திரையைப் போட்டா மறுநாள் காலைல தலை கிர்ருன்னு சுத்தும். ஒருநாள் கயித்தைப் பிடிக்கிறேன்னு காத்தைப் பிடிச்சேன். கூட இருந்தவன் பெல்ட்டைப் பிடிச்சு இழுக்கலைன்னா, நீ அன்னிக்கே என்னைப் பொறுக்கி எடுத்திருக்கணும்."

"அதை டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா வேற மாத்திரை குடுத்திருப்பாங்க."

"வேற மாத்திரை, அப்புறம் இன்னொரு மாத்திரை. சாகறவரைக்கும் மாத்திரை. தேக்கண்ணன் ஒண்ணும் போடல. இருபது வருஷமா கல்லு மாதிரி இருக்கார். அவருக்கும் எனக்கும் ஒரே நோய்தானேக்கா?"

அவள் அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.

ஒரே நோய் இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

போன மாதம் கிளினிக்கின் அதிகாரபூர்வப் பேச்சாளராகத் தேக்கைச் சேர்க்க நினைத்தார்கள். சேர்ப்பதற்கு முன் பரிசோதனையை இங்கே ஒருமுறை செய்ய வேண்டும் என்பது விதி. அவள்தான் ரத்தம் எடுத்தாள். அப்போதும் அவர் கையை மடக்கி, புஜத்தைப் புடைத்துக் காட்டி, "நரம்பு எப்படி? கயிறு மாதிரி இருக்கில்ல?" என்று கேட்டார். சோதனை அட்டையில் சொட்டு விட்டு ஓரமாக வைத்தாள். தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான வெள்ளை அட்டை. நடுவே சிறு ஜன்னல். ஜன்னலின் ஓரத்தில் மூன்று குறிகள். சோதனை ஒழுங்காக நடந்ததா என்று காட்ட ஒன்று, முதல் வகை வைரஸுக்கு 1, இரண்டாம் வகைக்கு 2. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த கோடுகள் எல்லாம் 1-க்கு நேரே விழுந்தவைதான். 2 என்ற எண்ணை அவள் கவனித்ததே இல்லை; அது சும்மா அச்சடித்து வைத்ததுபோல இருந்தது.

தேக்கின் அட்டையில் 1-க்கு நேரே வெறும் வெள்ளை. 2-க்கு நேரே பளிச்சென்று ஒரு கோடு.

அட்டை கெட்டுப்போயிருக்கும் என்று இன்னொன்று போட்டாள். அதிலும் அப்படியே. பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் அதே பதில்தான் வந்தது. இரண்டாம் வகை மட்டும்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு அவளிடம் சொன்னார். "ரெண்டும் ஒரே குடும்பம்தான். அண்ணன் தம்பின்னு வெச்சுக்கோயேன். முதலாவது ஓடும். மருந்து போடாம விட்டா பெரும்பாலானவங்களை எட்டு, பத்து வருஷத்துல படுக்க வெச்சுடும். ரெண்டாவது நடக்கும். ரத்தத்துல அது ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும். நிறையப் பேர் அதை வெச்சுக்கிட்டே கிழவனாகி, வேற ஏதாவதுல போவாங்க. ஆனா சில பேருக்கு அதுவும் ஒருநாள் ஓட ஆரம்பிக்கும். ஆரம்பிச்சா முடிவு ஒண்ணுதான்."

"அப்ப இவருக்கு மனபலம், சாறு எல்லாம்...?"

"அதிர்ஷ்டம்." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல ஒரு கூத்து தெரியுமா? இவருக்கு இது புதுசில்ல. பழைய ஆஸ்பத்திரியிலேயே விளக்கிச் சொல்லியிருக்காங்க. மேடையில சொல்லிடுங்கன்னு நானும் சொன்னேன். பார்க்கலாம்னார். பேச்சாளர் வேலை கிடையாதுன்னுட்டேன். கூட்டத்துக்கு வராதேன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அவர் பேச்சைக் கேட்டுத்தான் பாதிப் பேர் டெஸ்ட்டுக்கே வர்றாங்க."

"நாம சொல்லக் கூடாதா?"

"ஒருத்தர் ரத்தத்துல என்ன இருக்குன்னு நாம வெளிய சொன்னா, நாளைக்கு இந்த வாசல்ல ஒரு காக்கா வராது."

அது அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்பு இருந்த ஊரில், ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நாக்கை அடக்காமல் தம்பியின் விஷயத்தைப் பக்கத்து வீட்டில் கொட்டிவிட்டாள். நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் போனையே எடுக்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் அவன் தொட்ட ஸ்பானரைப் பழைய துணியால் பிடித்து எடுத்தார்கள். அக்காவும் தம்பியும் ஊரையே விட்டு வந்தார்கள். புறப்படும்போது அவன் சொன்னது ஒன்றுதான்: "நோயைக் கூட மன்னிச்சிடுவேன்க்கா. அந்த வாயை மன்னிக்க மாட்டேன்."

அதனால் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தம்பியைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்தாள். அவர் யார் பெயரையும் எடுக்காமல் பொறுமையாகச் சொன்னார். வைரஸில் இரண்டு வகை உண்டு, ஒன்று மெதுவாகப் போகும், அந்த வகை உள்ளவரைப் பார்த்து மற்றவர் மருந்தை விட்டால் உயிருக்கே ஆபத்து, உனக்கு இருப்பது முதல் வகை. தலைசுற்றாத வேறு மாத்திரையும் இருக்கிறது என்றார். தம்பி நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினான். புது மாத்திரையை வாங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அந்தப் பாட்டில் மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது.

"தேக்கண்ணனைக் கேட்டேன்க்கா," என்றான். "அண்ணே, ரெண்டு வகை இருக்காமே, உங்களுக்கு எதுன்னேன். சிரிச்சார். 'எல்லாம் ஒண்ணுதாண்டா தம்பி, பயமுறுத்தி மாத்திரை விக்கிறதுக்கு ஆயிரம் வகை சொல்வாங்க'ன்னார். தோள்ல கைபோட்டு, 'உன்னை மாதிரி நாலு சிங்கம் இருந்தா போதும்'னார்."

சொல்லும்போதே இருமினான். இருமி முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, சிங்கம்போலச் சிரிக்கப் பார்த்தான்.

தெரியாமல் பேசுகிறவனைத் திருத்தலாம். இந்த ஆள் தெரிந்தே பொய் சொல்கிறார்.

மறுநாளே தேக்கின் அறையைத் தேடிப் போனாள். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. உள்ளே இலை அரைத்த பச்சை வாடை மூச்சை அடைத்தது. மிக்ஸி ஜாரின் விளிம்பில் காய்ந்த சக்கை பாசிபோல ஒட்டியிருந்தது. சுவர் முழுக்க அவர் படங்கள். எல்லாவற்றிலும் சட்டை இல்லை. எதிரே ஆளுயரக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் மார்புதான்.

"வாம்மா தங்கச்சி! உக்காரு. சாறு குடிக்கிறியா?"

"வேண்டாம்ணே. என் தம்பி மாத்திரையை நிறுத்திட்டான். உங்களைப் பார்த்துத்தான்."

"நல்ல பையன். மனசு கெட்டி."

"வாயெல்லாம் பூஞ்சை. இருமறான். உடம்பு பாதியாயிடுச்சு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். இவ்வளவு நேராக அவள் யாரிடமும் பேசியதில்லை. "உங்களுக்கு இருக்கிறது ரெண்டாம் வகை. அவனுக்கு முதல் வகை. அதை நீங்களே அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. மேடையில வேண்டாம். அவன்கிட்ட மட்டும் சொன்னா போதும். கையெடுத்துக் கும்பிடறேன்."

தேக்கின் முகத்தில் ஈயாடவில்லை. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னை மாடிப்படிக்கு அடியில படுக்க வெச்சாங்கம்மா," என்றார் மெதுவாக. "கூடப் பொறந்தவங்க. தட்டைக் காலால தள்ளுவாங்க. நாய்க்குக்கூடக் குனிஞ்சு வெப்பாங்க. இன்னிக்கு நான் உள்ள வந்தா கூடமே எழுந்து நிக்குது. நான் போய், எனக்கு இருக்கிறது சின்னது, உங்களோடது பெருசுன்னு சொல்லணுமா? அடுத்த நிமிஷம் நான் யாரு? அவங்க ஆளும் இல்ல, வெளி ஆளும் இல்ல."

ஒரு கணம் அவளுக்கு இரக்கம்கூட வந்தது. அவர் அதை இருக்கவிடவில்லை.

"அதுவுமில்லாம, வகையெல்லாம் சும்மா. விழறவன் மனசு விட்டுத்தான் விழறான். போன வருஷம் அந்தப் பூக்கடைக்காரி போனாளே, ஏன் போனா? பயம். உன் தம்பிக்குப் பூஞ்சை வந்திருந்தா, எங்கயோ அவன் மனசு ஆடியிருக்குன்னு அர்த்தம்."

"அந்தப் பூக்கடை அக்காவும் உங்களைப் பார்த்துத்தான் நிறுத்தினாங்களா?"

அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். சாகடித்துவிட்டு மீசையை நீவுகிற விரல்கள்.

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"நீ சொல்ல மாட்டே." அவர் சிரித்தார். பல்லிடுக்கில் பச்சை. "என் ரத்தத்துல இருக்கிறதை வெளிய சொல்லக் கூடாதுங்கிறது உங்க சட்டம்தானே? சொன்னா உன் வேலை போகும். வேலை போனாலும் வேற கிடைக்கும். உன் தம்பிகிட்ட எல்லாக் கதையும் கேட்டிருக்கேன். வாயை விட்டவளை அவன் திரும்பிப் பார்ப்பான்னு நினைக்கிறியா?"

எழுந்து வந்து, ஆறுதல் சொல்வதுபோல அவள் தோளில் கையை வைத்தார். வெதுவெதுவென்று ஈரமான கை. அவள் உதறிக்கொண்டு படியிறங்கினாள். கீழே சாக்கடையோரம் குனிந்து நின்றாள். சைக்கிள் கடைக்காரர், "என்னம்மா, சாறு ஒத்துக்கலையா?" என்றார்.

அந்த வாரமே தம்பிக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. வேலையை மட்டும் விடவில்லை. அவன் வேலை பார்க்கிற அடுக்குமாடியின் மொட்டைமாடிக்கு, அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏறிப் போனாள். மாடியின் மூலையில் லிஃப்ட் மோட்டார் வைத்த சிறு அறை. உள்ளே சூடு, கிரீஸ் நாற்றம். இரும்புக் கயிறுகள் தரைத் துளை வழியாகக் கீழே இறங்கியிருந்தன. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டு டப்பா திறக்கப்படவில்லை. மூச்சு விடுவதே ஒரு வேலைபோலச் செய்துகொண்டிருந்தான்.

"என்னக்கா, இங்க வந்துட்டே? லிஃப்ட் வேலை கத்துக்கப் போறியா?"

வரும் வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு எதுவும் வரவில்லை.

"தேக்குக்கு இருக்கிறது ரெண்டாம் வகை," என்றாள். "அது மெதுவாப் போற வகை. அதனாலதான் நல்லா இருக்கார். அவருக்கே அது ரொம்ப நாளாத் தெரியும். உன்கிட்ட பொய் சொன்னார். உன்னோடது அது இல்லடா. உனக்கு டைம் இல்ல."

யாரோ கீழே பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். மோட்டார் உறுமியது. கயிறுகள் ஓடின, நின்றன. தம்பி கிரீஸ் துடைக்கிற கழிவுப் பஞ்சை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அவருக்கு டெஸ்ட் போட்டேன்."

"சொல்லலாம்னு அவர் சொன்னாரா?"

"இல்ல."

தேக்கின் மீது பாயும் என்று அவள் எதிர்பார்த்த வெறுப்பு அவள்மீதே வந்து விழுந்தது. அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"என்னோடதை யார் யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்லடா. சத்தியமா."

"அவரும் இப்ப வரைக்கும் அப்படித்தான் நினைச்சிட்டு இருப்பார்."

"நீ செத்துப்போயிடுவேடா!"

"தெரியுது. காதுல விழுந்துச்சு." பஞ்சை மூலையில் எறிந்தான். "அந்த ஆள் ஒரு புழு. சரி. நீ?"

அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு, அவள் மேல் இடிக்காமல் ஒதுங்கி, வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலை அவள் டாக்டரம்மாவிடம் தானே போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன் இடத்துல நானா இருந்தாலும்..." என்று ஆரம்பித்தவர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "இனிமே டெஸ்ட் கார்டு பார்க்கிற டேபிள்ல நீ உக்கார வேண்டாம். ரத்தம் மட்டும் எடு. முடிவு எதையும் பார்க்காதே," என்றார். தேக்கின் கூட்டத்துக்கு இனி மாடிக் கூடம் கிடையாது என்றும் சொன்னார். அவர் வேறு இடம் பிடித்துக்கொள்வார் என்பது இருவருக்குமே தெரியும். அங்கேயும் முதல் வரிசை நிறையும். இந்தக் கிளினிக்கில் எத்தனை அக்காக்கள் இருக்கிறார்கள், ஓடிப்போய் ஒவ்வொருவர் காதிலும் சொல்ல?

தம்பி அன்றே வந்தான். அவளுடன் வரவில்லை. டாக்டரம்மா அறைக்குள் நெடுநேரம் இருந்தான். வெளியே வந்து, குடிநீர்க் குழாயில் டம்ளரைப் பிடித்து, மாத்திரையை அங்கேயே விழுங்கினான். அவள் பார்ப்பது தெரிந்தும் திரும்பவில்லை. அவன் தொண்டையில் அது இறங்குவதைக் கண்டதும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். குடிக்கிறான். போதும். என்னை என்னவாக நினைத்தாலும் போதும்.

அடுத்து ரத்தம் கொடுக்க வேண்டும். அவள் இடத்துக்கு முன்னால் வரிசை இல்லை. ஊசி, பஞ்சு, கட்டும் ரப்பர் எல்லாம் எடுத்து வைத்துக் காத்திருந்தாள். அவன் அவளைத் தாண்டிப் போய், அடுத்த மேஜையில் நான்கு பேருக்குப் பின்னால் நின்றான்.

அந்த மேஜை சிஸ்டருக்கு அவசரக் கை. அது ஊருக்கே தெரியும். முதல் குத்தில் நரம்பு நழுவியது. "கையை ஆட்டாதப்பா," என்று அதட்டினாள். அவன் ஆட்டவே இல்லை. இரண்டாவது குத்திலும் ஒன்றும் வரவில்லை. முழங்கை மடிப்பில் நீலம் பூத்தது.

"உங்கக்காதானே அது? அங்க போயேன், பூ மாதிரி எடுப்பாங்க," என்றாள் சிஸ்டர்.

"பரவாயில்ல," என்றான் தம்பி. "இந்தக் கையில எடுங்க."

மற்ற கையை நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.